படகுக் கழிப்பறைக் குழாய்க்கு ஏபிஏ கிளிப்: போட்டுப் பார்த்த அனுபவம்

ஸ்வீடன் நாட்டு ஏபிஏ ஹோஸ் கிளிப்பைப் பற்றி எழுதுகிறேன். ஹோஸ் கழலாமல், அதைச் சுற்றித் திருகால் இறுக்கும் பட்டைதான் கிளிப். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வருவது. என் படகின் கழிப்பறைக் குழாய் இணைப்புகள் அத்தனையையும் கழற்றி, பழைய ஹோஸைத் தூக்கிப் போட்டு, இந்தக் கிளிப்பை மாட்டி ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் ஓடிவிட்டது. ஒரு சொட்டு இல்லை, வாடை இல்லை. வாங்கலாமா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஆனால் கிளிப்பை மட்டும் மாற்றினால் கசிவு நின்றுவிடும் என்று யாராவது நினைத்தால் அது நடக்காது. கிளிப், ஹோஸ், ஹோஸ் ஏறி உட்காரும் மூக்கு, மூன்றும் சேர்ந்துதான் ஓர் இணைப்பு. அதனால் மூன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

படகு, வெஸ்டர்லி சென்டார். 26 அடி. லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனம் வரைந்து, 1969 முதல் 1980 வரை ஈராயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட வகை. இங்கிலாந்தின் தென்கரையில் எந்தத் துறைக்குப் போனாலும் ஒன்றாவது நிற்கும். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தேன், இப்போது போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் காஸ்போர்ட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். கப்பலில் பெரும்பாலும் இரும்புப் பைப், ஃபிளாஞ்ச், கேஸ்கெட். இந்த அளவுப் படகில் எல்லாமே ஹோஸும் கிளிப்பும்தான். அதிலும் கழிப்பறை ஹோஸ் என்றால் பாதி நீர்மட்டத்துக்குக் கீழே ஓடும். அங்கே ஓர் இணைப்பு கழன்றால் நாற்றத்தோடு போகாது. கடலே உள்ளே வரும். நங்கூரத்திலோ மிதவையிலோ ஆளில்லாமல் நிற்கும் படகு இப்படித்தான் மூழ்குகிறது. ஒரு கிளிப்பைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

சென்டாரில் கழிப்பறை நடு அறைக்கும் முன் கேபினுக்கும் இடையில் இருக்கிறது. கதவைச் சாத்தினாலும் வாடை முன் கேபினுக்குத்தான் போகும். படகை வாங்கிய புதிதில் என் மனைவி அங்கே படுத்து எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்னங்க, இந்த நாத்தத்தோட எப்படிப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றது?" என்பதுதான். நியாயமான கேள்வி. பழைய படகு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பலர் பழகிக்கொள்கிறார்கள். பழகிக்கொள்ளத் தேவையே இல்லை.

வாடைக்கு மூன்று காரணம் உண்டு. மூன்றும் வேறு வேறு என்பதால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு செலவழிக்க வேண்டும். முதலாவது, உள்ளே இழுக்கும் கடல்நீர். படகு ஒரு வாரம் சும்மா நின்றால் அந்த 19 மி.மீ. ஹோஸில் தேங்கிய நீரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகும். அடுத்த முறை பம்ப் அடித்ததும் அழுகிய முட்டை வாடை வரும். இது கசிவே இல்லை. கிளம்பும்போது கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு அடித்து வைத்தால் சரியாகிவிடும். இரண்டாவது, ஹோஸே வாடையை வெளியே விடுவது. வெந்நீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து ஹோஸைச் சுற்றி வையுங்கள். ஆறியதும் அந்தத் துணியை மட்டும் வெளியே எடுத்துப்போய் முகர்ந்து பாருங்கள். துணியில் கழிப்பறை வாடை வந்தால் அந்த ஹோஸுக்கு ஆயுள் முடிந்தது. கழுவித் துடைத்துப் பயனில்லை. மூன்றாவதுதான் உண்மையான கசிவு, இணைப்புகளில்.

கசிவைக் கண்ணால் பிடிக்க முடியாது, அவ்வளவு மெல்லியதாக இருக்கும். ஒவ்வோர் இணைப்பையும் நன்றாகத் துடைத்து உலர்த்தி, சமையலறை டிஷ்யூவை ஒரு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். பிறகு கழிப்பறைத் தொட்டியில் கேக்குக்குப் போடும் நீலச் சாயம் கொஞ்சம் கரைத்துப் பம்ப் அடித்தேன். எந்த டிஷ்யூ நனைகிறது, அது நீலமா வெறும் நீரா என்று பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எனக்குக் கழிவு போகும் பக்கத்தில் பம்பின் வளைவு மூக்கிலும், கழிவைத் தேக்கி வைக்கும் ஹோல்டிங் டேங்கின் அடி இணைப்பிலும் நீலம் வந்தது. சீகாக், அதாவது படகின் உடலில் கடலுக்குத் திறக்கும் வால்வு, அதன் மேலிருந்த இணைப்பில் நீலமில்லை, ஆனால் டிஷ்யூ ஈரம். அங்கேதான் எனக்கு உண்மையான கவலை வந்தது, ஏனென்றால் அதுதான் நீர்மட்டத்துக்கு மிகக் கீழே.

அந்தச் சீகாக் கிளிப்பைக் கழற்றியபோது பார்த்ததைச் சொல்கிறேன். முந்தைய உரிமையாளர் போட்டது. வெளியே பட்டை பளபளவென்று இருந்தது. யார் பார்த்தாலும் புதிது என்பார்கள். திருகில் அரைச் சுற்றுக் கொடுத்ததும் சின்னச் சத்தத்தோடு பட்டை இரண்டானது. திருகு உட்காரும் கூட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் அங்குலத்தில், பட்டை முழுக்கப் பழுப்பாக அரித்து, நகத்தால் கீறினால் தூள் உதிர்ந்தது. முறிந்தது சரியாக ஒரு துளையின் ஓரத்தில். அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது கிளிப் அல்ல, ஹோஸ் காய்ந்து மூக்கோடு ஒட்டிக்கொண்ட பிடிமானம் மட்டும்தான்.

ஏன் இப்படி ஆகிறது? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று சொல்வது பாதி உண்மை. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது, அதுதான் காப்பு. அந்தப் படலம் கீறினால் தானே மறுபடி வளரும், ஆனால் வளர ஆக்சிஜன் வேண்டும். உப்புநீர் புகுந்து காற்றுப் புகாத இடுக்கில் படலம் வளராது, உப்பு மட்டும் உள்ளே உட்கார்ந்து தின்னும். சாதாரண கிளிப்பில் திருகுக்குப் பல்லாக, பட்டையில் குறுக்காகத் துளை வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு துளையும் ஓர் இடுக்கு. பட்டையும் அந்த இடத்தில் பாதி பலம்தான். போதாக்குறைக்கு முறுக்கும்போது துளையின் கூரான விளிம்பு ஹோஸைச் சீவி எடுக்கும். இன்னொன்று, விலை குறைந்த சிலவற்றில் பட்டைதான் ஸ்டெயின்லெஸ், திருகு வெறும் முலாம் பூசிய இரும்பு. கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். திருகில் டக்கென்று ஒட்டினால் அது 316 இல்லை, அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

இனி ஏபிஏ. கையில் எடுத்ததும் முதலில் தெரிவது பட்டையின் உள்பக்கம். விரலை வைத்து வழித்தால் வழவழவென்று ஓடும், எங்கும் தடுக்காது. துளை கிடையாது. பல் வெளிப்பக்கத்தில் அழுத்திப் பதித்தது, உள்ளே எட்டாது. பட்டையின் இரண்டு ஓரமும் லேசாக மேல்நோக்கி வளைத்து விடப்பட்டிருக்கும். அதனால் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸின் ரப்பரில் கோடு விழாது. பழைய ஹோஸை வெட்டி எடுத்தபோது கிளிப் இருந்த இடமெல்லாம் கத்தி போட்டதுபோல் வரி இருந்தது. ஒரு கோடைக்குப் பிறகு ஏபிஏ ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், அழுத்தம் பட்ட மெல்லிய பள்ளம் தவிர ஒன்றுமில்லை. 316 என்பதில், சாதாரண ஸ்டெயின்லெஸ் தரமான 304-இல் இல்லாத மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் வரை சேர்ந்திருக்கிறது. கடல் உப்பின் குளோரைடைத் தாங்குவது அதனால்தான். திருகும் அதே தரம்.

இங்கிலாந்தில் இருந்துகொண்டு ஜூபிளி கிளிப்பைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இந்தத் திருகுக் கிளிப்புக்கு 1921-இல் காப்புரிமை பெற்றவர் பிரிட்டிஷ் கடற்படைக் கமாண்டர் லம்லி ராபின்சன். கென்ட் மாவட்டத்து கில்லிங்ஹாமில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் ஜூபிளி. அதிலும் பட்டையில் துளை கிடையாது, பல் பதித்ததுதான், 316 தரத்திலும் வருகிறது. படகின் நல்ல தண்ணீர்க் குழாய்களுக்கு நான் அதைத்தான் போட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. கழிப்பறைக்கு ஏபிஏ எடுத்ததன் ஒரே காரணம் அந்த வளைந்த ஓரம். கழிவு ஹோஸ் தடிமனாக இருந்தாலும் மேல் ரப்பர் மென்மையானது. ஓரம் வெட்டினால் ஈரம் உள்ளே புகும், உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸ் என்றால் அதைத் துருப்பிடிக்க வைக்கும். உங்கள் ஊர்க் கடையில் ஜூபிளி 316 மட்டும்தான் கிடைக்கிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

அளவு எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹோஸின் பெயரில் வரும் 38 மி.மீ. என்பது உள்விட்டம். கிளிப்புக்கு வேண்டியது வெளிவிட்டம், அதுவும் ஹோஸ் மூக்கில் ஏறி விரிந்த பிறகு இருக்கும் வெளிவிட்டம். எனக்கு அது 48 மி.மீ. வந்தது. அதற்கு 44–56 அளவுக் கிளிப். 38–50 அளவும் மாட்டும், ஆனால் அது தன் எல்லையின் ஓரத்தில் நிற்கும். மாட்டுவதற்கே ஹோஸை நசுக்க வேண்டியிருக்கும். மறுபக்கம் ரொம்பப் பெரியதை எடுத்தால் பட்டை வட்டமாக உட்காராது, திருகுக்கூட்டுக்கு அருகில் ஒரு சின்ன மேடு விட்டுவிடும். கசிவு அந்த மேட்டின் அடியில்தான் தொடங்கும். மீந்த வால் வேறு நீண்டு நின்று, இருட்டில் கைவிடும்போது தோலைக் கிழிக்கும்.

ஹோஸுக்கு ரேரிட்டன் நிறுவனத்தின் சானிஃப்ளெக்ஸ் எடுத்தேன். கழிவுக்கென்றே செய்தது. இதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் வளையும் தன்மை. வாக்குவம் கிளீனர் குழாய் போல வளையும். சென்டாரின் கழிப்பறையில் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் சந்தில் கெட்டியான ஹோஸைத் திருப்பினால், அது நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பு இரவும் பகலும் இணைப்பின் ஒரு பக்கத்தில்தான் விழும். என் பம்ப் மூக்கில் கசிந்ததன் காரணம் அதுவே. கிளிப் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஹோஸ் மூக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. விலை அதிகம்தான், சாதா வெள்ளை பிவிசி ஹோஸைப் போலப் பல மடங்கு. நேராக ஓடும் நீளமான பகுதிக்கு விலை குறைந்த கழிவு ரப்பர் ஹோஸ் போட்டு, வளைவுகளுக்கு மட்டும் இதைப் போட்டாலும் போதும். மீன் தொட்டிக்கும், படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்புக்கும் விற்கும் மெல்லிய நெளி ஹோஸை மட்டும் கழிவுக்குப் போடாதீர்கள்.

பழைய ஹோஸை வெட்டிப் பார்த்தபோது உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு. சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்தால் கால்சியம் இப்படிப் படியும். 38 மி.மீ. வழி பாதிக்குப் பாதி அடைந்து போயிருந்தது. வழி அடைந்தால் பம்ப் அடிக்கும்போது உள்ளே அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் தேடிப் போவது எங்கே வலு குறைவோ அங்கே, அதாவது இணைப்புக்கு. கசிகிறது என்று கிளிப்பை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தால் ஏன் தீராது என்பதற்கு இது ஒரு காரணம். ஹோஸ் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் கழற்றி, படகு கட்டும் மிதவை மேடையான பான்டூனில் ஓங்கி அடித்தாலே படிவு ஓடு ஓடாகக் கொட்டும். கழற்ற வேண்டாம் என்றால் அவ்வப்போது வினிகர் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள்.

மாட்டும் வேலை. சென்டாருக்கு இரட்டைக் கீல், அதாவது அடியில் இறங்கி நிற்கும் இரண்டு கால், மூன்றடி ஆழம்தான். போர்ட்ஸ்மவுத்தில் பெரிய ஓதத்தில் நீர் நான்கு மீட்டருக்கு அருகில் ஏறி இறங்கும். கெட்டித் தரையுள்ள இடமாகப் பார்த்து உயர்நீரில் கொண்டுபோய் நிறுத்தினால், நீர் வடிந்ததும் படகு தன் இரண்டு காலில் நேராக நிற்கும். சீகாக் இணைப்பைத் திறக்க எனக்குத் தெரிந்த மிகப் பாதுகாப்பான வழி அதுதான், படகைத் தூக்கி வைக்கும் செலவும் மிச்சம். அப்படியும் துளைக்கு ஏற்ற மரக் கூம்பு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்கூட்டியே நிறையத் தண்ணீர் விட்டு அடித்துக் குழாயைக் கழுவி, டேங்கை வெறுமையாக்கிவிட்டு, முழங்கை வரை வரும் கையுறை போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பழைய ஹோஸை இழுத்துக் கழற்றப் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் மூக்கு உடைந்துவிடும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி விரித்து எடுத்துவிடலாம். கத்தி மூக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கே ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவுக்கு வாய்க்கால். மூக்கில் ஒட்டிய பழைய சிலிக்கோனையும் படிவையும் முழுக்கச் சுரண்டி, விரலால் தடவிப் பாருங்கள். புதிய ஹோஸின் முனையைச் சதுரமாக வெட்டி, ஃபிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கினால் இளகிவிடும். மூக்கில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுத் தடவி, முன்னும் பின்னும் அசைக்காமல் சுற்றிச் சுற்றி அழுத்தினால் அடிவரை ஏறும். அடுப்புத் தீயோ ஹீட் கன்னோ வேண்டாம், உள்சுவர் கெடும். வாஸலினும் கிரீஸும் ரப்பரை ஊற வைக்கும். சிலிக்கோன் பூசினால் கூடுதல் பாதுகாப்பு என்பார்கள். காயும் முன் அது வழுக்கும், காய்ந்த பின் அடுத்த முறை கழற்ற விடாது. சரியான ஹோஸ் சரியான மூக்கில் ஏறினால் எதுவும் பூச வேண்டியதில்லை.

சீகாக் இணைப்பில் இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க. பட்டை 12 மி.மீ. அகலம், ஆக இரண்டும் இடைவெளியோடு உட்கார மூக்கு முப்பது மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும். மூக்கு குட்டையாக இருந்தால் இரண்டாவது கிளிப் வெறும் ஹோஸின் மேல் விழுந்து, மூக்கின் விளிம்பிலேயே ஹோஸை அறுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே கிளிப்பைச் சரியான இடத்தில் போடுவதுதான் நல்லது. முறுக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், வழுக்கி ஹோஸில் குத்தும். என் கிளிப்புகளுக்கு 7 மி.மீ. நட் டிரைவர் பொருந்தியது. வெண்கல மூக்கு என்றால் நன்றாக இறுக்கலாம். கழிப்பறைப் பம்பின் பிளாஸ்டிக் வளைவில் ஹோஸ் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். ரப்பர் அமுங்கி இடம் கொடுக்கும் என்பதால் சில வாரம் கழித்து எல்லாத் திருகையும் மறுபடி பார்த்தேன். சிலவற்றுக்குக் கால் சுற்று தேவைப்பட்டது, அதற்குப் பிறகு எதுவும் அசையவில்லை.

டிஷ்யூச் சோதனையை மறுபடி செய்தேன், எல்லாம் உலர்ந்தே இருந்தது. நடுக்கோடையில் சோலென்ட் நீரிணையைக் கடந்து வைட் தீவுக்குப் போய், குடும்பமே முன் கேபினில் தூங்கி எழுந்தோம்.

குறை என்றால், முதலில் விலை. ஏபிஏ ஒன்றின் விலைக்குச் சாதா கிளிப் கைநிறையக் கிடைக்கும். ஒரு கழிப்பறைக்கு இருபதுக்கு மேல் தேவைப்படலாம், கணக்குப் போட்டு வாங்குங்கள். அடுத்து, மரினாக் கடைகளில் எல்லா அளவும் இருப்பதில்லை. நான் போன ஒரு கடையில் 316 என்று எழுதிய டப்பாவில் 304 கலந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் பட்டையில் பொறித்ததைப் படித்துத்தான் எடுத்தேன். இன்னொரு விஷயம், கிளிப் எவ்வளவு நல்லதானாலும் அளவு ஒவ்வாத மூக்கைச் சரிசெய்யாது. சில ஐரோப்பிய டேங்குகளில் மூக்கு 40 மி.மீ. இருக்கிறது. அதில் 38 ஹோஸைத் திணிக்கவும் வேண்டாம், 38 மூக்கில் 40 ஹோஸைப் போட்டு இறுக்கவும் வேண்டாம். சரியான மூக்கை வாங்கி மாற்றிவிட்டு அப்புறம் கிளிப்புக்கு வாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதவர்கள் சீகாக்கிலிருந்து தொடங்குங்கள். அடுத்தது நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள மற்ற இணைப்புகள், பிறகு டேங்கின் அடிப்பகுதி. கடல்நீர் வரும் பக்கத்தில் வென்ட்டட் லூப், அதாவது கடல்நீர் தானாக உள்ளே வராமலிருக்க உயரத்தில் வைத்த காற்று வால்வுள்ள வளைவு, இருந்தால் அது பம்ப்புக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் நடுவில்தான் இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். சீகாக்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் யாராவது வைத்திருந்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். அந்த லூப்பின் இரண்டு முனைக்கும் கிளிப் நாலு தனியாக எண்ணி வாங்குங்கள், அந்த ஹோஸ் 19 மி.மீ., அளவு வேறு.